பெட்டிக்குள் இருக்கும் அப்பா

பிப்ரவரி 9, ஞாயிறு

சீனாவில் புத்தாண்டு விடுமுறை முடிந்துவிட்டது. காலையில் சிண்டியிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அன்புள்ள திரு. தட்சிணா, தொழிற்சாலை திறந்துவிட்டது. உங்கள் கண் எப்படி இருக்கிறது? இந்த வருடம் எத்தனை பெட்டி வேண்டும்?"

அப்பாவின் கைபேசி என்னிடம் இருக்கிறது. அவர் இருந்தபோதும் என்னிடம்தான் இருந்தது. சர்க்கரையால் கண் மங்கியதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டுவேன். தமிழில் தட்டினால் கைபேசியே ஆங்கிலமாக்கிவிடும். அதற்காகத்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்கே எனக்கு வாய் வராது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லிவிடுவாள்.

செய்தியைக் குஞ்சிதபாதம் மாமாவிடம் காட்டினேன். அம்மாவின் தம்பி. பொங்கலுக்கு முன்னால் அப்பா இறந்ததிலிருந்து எங்கள் பூஜைச் சாமான் கடையில் அவர்தான் உட்காருகிறார்.

"சொல்லிடலாமா மாமா?"

"என்னத்தச் சொல்லுவ?"

"அப்பா இல்லன்னு."

"நல்லாச் சொன்ன போ. பெட்டியில ஓடுற குரலை வேற யாருக்கும் போட்டுத் தரமாட்டோம்னு அந்தப் பொண்ணு உங்கப்பாகிட்ட வாய்வார்த்தையாத்தான் சொல்லியிருக்கு. பத்திரமா, கையெழுத்தா? ஆளே இல்லன்னு தெரிஞ்சா மெட்ராஸ்காரன் எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். சீசன் முடியட்டும்."

"கண் பரவாயில்லை, நன்றி" என்று தட்டி அனுப்பினேன். மாமா சொன்னதால் அனுப்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

புதுக்கோட்டையிலிருந்து ஒரு புது வியாபாரி வந்தார். மாமா பெட்டியைப் பிளக் பாயிண்டில் சொருகிக் காட்டினார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் சிவலிங்கப் படம், சிவப்பு விளக்கு. போட்டுவிட்டால் நிறுத்தும்வரை "ஓம் நமசிவாய" சொல்லிக்கொண்டே இருக்கும்.

"யாரு சொல்றது, சீனாக்காரனா?" என்று கேட்டார்.

"சீனாக்காரன் சொன்னா இப்படியா இருக்கும்? எங்க அத்தான்," என்றார் மாமா.

அது உண்மைதான். முதலில் வந்த பெட்டிகளில் யாரோ ஒருவர் "நமஷ்ஷிவாயா" என்று மூக்கால் பாடுவார். வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா கடைக்குப் பின்னால் இருக்கும் சாக்கு அறையில் உட்கார்ந்து தானே சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். அதற்குப் பிறகு கும்பகோணத்தில் பெட்டி இல்லாத கடை இல்லை. கடைவீதியில் அவர் பெயரே பெட்டிக்காரர்.

வியாபாரி போவதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்து பெட்டியைப் பிடுங்கினாள். "காமிச்சாச்சுல்ல," என்றாள். மாமாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மா கடைக்கு வர இப்போது மடத்துத் தெரு வழியாகச் சுற்றி வருகிறாள். நேர்வழியில் வெற்றிலைக் கடை, தையல்கடை, மருந்துக்கடை என்று வரிசையாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் நேர்வழியில்தான் போகிறேன். அதுதான் பக்கம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மாவும் நானும் அத்தை வீட்டுக்குப் போகப் பழைய பேருந்து நிலையத்தில் நின்றோம். அங்கே புளியமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. மின்சாரம் கிடையாது, அதனால் பேட்டரியில் ஓடும் பெட்டி வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. குரல் கனத்துப்போய் மெதுவாக வந்தது. "ஓ..ம்..." என்று இழுத்து, நடுவில் நின்று, மறுபடி "ந..ம..." என்று தொடங்கியது. தஞ்சாவூர் மருத்துவமனையில் கடைசி வாரம் அப்பா தண்ணீர் கேட்டது அப்படித்தான்.

அம்மா அசையாமல் நின்றாள். பேருந்து வந்தது, போனது. பிறகு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்தாள். பிள்ளையாருக்குப் பூ விற்கும் அக்கா, "என்னம்மா நீங்க போய்..." என்றாள்.

"ஒண்ணு ஒழுங்காச் சொல்லட்டும், இல்ல நிக்கட்டும். இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது," என்று அம்மா பேட்டரியை மாற்றினாள். அப்பா திடமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்க நிற்காமல் அடுத்த பேருந்தில் என்னை இழுத்து ஏற்றிவிட்டாள். அது அத்தை ஊருக்குப் போகிற பேருந்து இல்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. எல்லாக் கடையிலும் பெட்டியைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் போட்டதால் ஒன்றும் ஒன்றும் சேரவில்லை. ஒரு கடையில் "ஓம்" என்னும்போது அடுத்த கடையில் "வாய" என்கிறார். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அப்பா தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது.

அம்மா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள். உள்ளே ஒன்றும் போடவில்லை, வெறும் மிக்ஸி.

அம்மா ஏன் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். இந்த ஊரில் சாவு வீட்டில் தலைமாட்டில் விளக்கு வைப்பார்கள். இப்போது விளக்குக்குப் பக்கத்தில் பெட்டியும் வைக்கிறார்கள். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமா கடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, மற்றவர்களுக்கு வைப்பதுபோலத் தலைமாட்டில் வைத்துப் போட்டுவிட்டார். அவர் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. வந்தவர்களும் மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள், உட்கார்ந்தார்கள். அப்பா வாயை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநேரம் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு எதிர்வீட்டு ஆச்சி மெதுவாக, "இது அவரு குரல்ல?" என்றாள். அம்மா எழுந்துபோய்ப் பெட்டியைச் சுவரில் அடித்தாள்.

எல்லோரும் அம்மாவைப் பிடித்தார்கள். நான் அதுவரை அழவில்லை. பெட்டி நின்ற பிறகுதான் அழுதேன்.

மார்ச் 5, புதன்

சிண்டிக்கு எழுதினேன்: "இன்று முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. மகள் ரஞ்சனி கடையைப் பார்த்துக்கொள்கிறாள்."

வியாபாரத்தில் இப்படி நாலு வார்த்தை பேசினால்தான் பழக்கம் விட்டுப்போகாது. அப்பாவும் பேசுவார். அவளைச் சிந்து என்பார். "சிந்துவுக்குச் சொல்லும்மா, நம்ம ஊர்ல மழைன்னு."

மார்ச் 9, ஞாயிறு

சிண்டிக்கு எழுதினேன்: "நேற்று வாழைப்பூ வடை சாப்பிட்டேன். சர்க்கரை பற்றி மகள் திட்டினாள்."

மார்ச் 13, வியாழன்

அவள் பதிலில் ஏதோ சரியில்லை. முன்பெல்லாம் அப்பா ஒன்று சொன்னால் அவளும் ஒன்று சொல்வாள். தன் அம்மாவுக்கும் முழங்கால் வலி என்பாள், தாமரைக்கிழங்கு சூப்பின் படம் அனுப்புவாள். இப்போது என்ன எழுதினாலும் "கேட்க மகிழ்ச்சி. உங்கள் கண் எப்படி இருக்கிறது?" என்று வருகிறது. கண்ணைப் பற்றி மூன்று முறை பதில் சொல்லிவிட்டேன்.

பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றரை வருடமாகவே இப்படித்தான். அப்பா சொல்லச் சொல்லத் தட்டும்போது எனக்கு அது தெரியவில்லை. படம் அதே படம்தான், குட்டை முடி, மஞ்சள் சட்டை. ஆனால் அந்தப் பக்கம் அவள் இல்லை என்று தோன்றுகிறது. ஒருவேளை அவளும் போய்விட்டாளோ. அப்படியானால் யார் யாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்?

மத்தியானம் சாம்பிராணி மூட்டை இரண்டு வந்தது. பிரித்து அடுக்கினேன்.

மார்ச் 20, வியாழன்

சிண்டியிடமிருந்து நீளமான செய்தி. பெட்டிக்குள் இருக்கும் பழைய சிப்பை இனி யாரும் செய்வதில்லையாம். புது சிப்பில் ஏற்றினால் அந்தப் பழைய பதிவு கரகரக்கிறதாம். முதலில் பதிவு செய்த மூலம் இருந்தால் அனுப்பச் சொல்கிறாள். அதோடு, குரலுக்கு உரியவர் வீடியோவில் வந்து ஒப்புதல் சொல்ல வேண்டும், இது முதலாளி போட்ட புது விதி. ஏப்ரல் முடிவதற்குள் ஆர்டர் கொடுக்காவிட்டால் குரலை வேறு ஆளுக்குக் கொடுக்கும் உரிமை தொழிற்சாலைக்கு உண்டு. சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

மூலம் எங்களிடம் இல்லை. அந்தக் காலத்துக் கைபேசி எப்போதோ தண்ணீரில் விழுந்துவிட்டது.

மாமா செய்தியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு அப்பாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தார்.

"சாயல் இருக்குல்ல?"

"அப்பாவுக்கு மீசை உண்டு மாமா. சிண்டி பார்த்திருக்கா."

"அப்ப ஒண்ணு பண்ணு. உடம்பு சரியில்ல, பத்து நாள் கழிச்சுப் பேசுறேன்னு எழுது. வளர்த்துருவேன்."

அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "மீசையை வளர்த்துட்டு என்னடா சொல்லுவ? நமசிவாயன்னா? நேத்து வரைக்கும் உனக்கு ஒரு தேவாரம் உருப்படியா வராது."

"அக்கா, சோத்துக்கு வழி பார்க்கறேன், நீ கேலி பண்ற."

"அவரு செத்துப் போயிட்டாருடா. அதை யார்கிட்டயாவது சொல்லேன். ஊரெல்லாம் கத்திக்கிட்டு இருக்காரு, நான் எங்க போய் அழறது?"

மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

நான் பத்து நாள் அவகாசம் கேட்டு எழுதினேன். ஆர்டர் நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான். பெட்டி நின்றால் கடையில் பாதி வியாபாரம் நின்றுவிடும்.

மார்ச் 24, திங்கள்

மாமாவுக்கு மீசை நரையாக வருகிறது. மை தடவலாமா என்று கேட்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

மாமா சரக்கு எடுக்கச் சென்னை போயிருந்தார். அம்மா வீட்டில். கடையைத் திறந்து வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. சிண்டி, வீடியோ. நாளைக்குத்தான் என்று பேசியிருந்தோம். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைப்பதற்குள் என் விரல் அழுத்திவிட்டது.

ஒரு பையன் தெரிந்தான். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தான், தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் நீளமான மேசைகள். அவன் தன் மொழியில் பேச, அவனிடமிருந்த இன்னொரு கைபேசி அதைத் தமிழில் சொன்னது. பெண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"வணக்கம். நீங்கள் திரு. தட்சிணாவா?"

எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். என் பின்னலை, தாவணியை, கையிலிருந்த வாளியைப் பார்த்தான். பிறகு அவனும் தலையை ஆட்டினான்.

"நல்லது. நான் சிண்டி."

முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு.

அவன் பெயர் ஹாவ். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் பெயர் சிண்டிதானாம். ஆள் மாறினால் வாங்குபவர்களுக்குப் பிடிக்காது என்று முதலாளி அப்படி வைத்திருக்கிறார். இவன் மூன்றாவது. முதல் சிண்டி கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, திரு. தட்சிணாவிடம் கண்ணைப் பற்றி மறக்காமல் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் தட்டிக் கேட்டேன். பேசுவதைவிட அது எளிது. "குரலை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொன்னது அந்த முதல் சிண்டியா?"

"ஆமாம்."

"நீங்கள் ஏன் அதைக் காப்பாற்றினீர்கள்?"

அவன் யோசித்தான். பெண் குரல் சொன்னது: "அது நாற்காலியோடு வந்தது. ஆனால் முதலாளி ஏப்ரல் வரைதான் காத்திருப்பார்."

மூலம் எங்களிடம் இல்லை என்று தட்டினேன். முதல் சிண்டியின் பழைய கணினி கிடங்கில் கிடக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றான். ஒப்புதல் பற்றிக் கேட்டேன். "திரு. தட்சிணாவைப் பார்த்துவிட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன்" என்றான்.

வைத்த பிறகுதான் கவனித்தேன், முழுப் பேச்சிலும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஹாவிடமிருந்து மூலம் இன்னும் வரவில்லை. நேற்று ஒரு வரி வந்திருந்தது. அவர்கள் ஊரில் இறந்தவர்களின் கல்லறையைக் கூட்டித் துடைக்கும் பண்டிகையாம், ஊருக்குப் போகிறானாம். "உங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டா?" என்று கேட்டிருந்தான். அமாவாசை என்று எழுதலாம். எழுதவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஹாவ் அனுப்பினான். "இது நீளமானது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அனுப்பியது. இதில் கடைசிப் பகுதியை மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்பகுதியைக் கேளுங்கள், அதில் இன்னொருவர் இருக்கிறார்."

சாக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். அப்பா தொண்டையைச் செருமுகிறார். "அன்னம், கொஞ்சம் சுக்குத் தண்ணி கொடேன்" என்று அம்மாவைக் கேட்கிறார். அப்புறம் தொடங்குகிறார். அவரோடு கூடவே ஒரு குழந்தைக் குரலும் சொல்கிறது. நல்ல சத்தமாக, அப்பாவை முந்திக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் அப்பா நிறுத்திவிடுகிறார். குழந்தை நிறுத்தவில்லை. தனியாகவே சொல்லிக்கொண்டு போகிறது. தெருவிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். "செத்த இருங்க, பாப்பா சொல்லிட்டிருக்கா" என்கிறார் அப்பா, ரகசியம் போல.

பிறகு அப்பா சொல்கிறார்: "நல்லா இருக்கும்மா. ஆனா வாங்குறவங்க ஆம்பளக் குரல்தான் கேப்பாங்க. இப்ப அப்பா தனியாச் சொல்றேன்."

"நான் மெதுவாச் சொல்லட்டாப்பா?"

"வேணாம்டா. நீ பேசாம இரு."

அதற்குப் பிறகு அப்பா மட்டும். ஊர் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல். ஆனால் குழந்தை வெளியே போகவில்லை. காதோடு வைத்துக் கேட்டால் அவ்வப்போது வளையல் உரசுவது தெரிகிறது. கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இது நினைவில் இல்லை. அவ்வளவு சத்தமாக நான் பேசியதாக யாரும் சொன்னதும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று கடையில் வேலை அதிகம்.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்மாவிடம் காட்டினேன். கேட்கமாட்டேன் என்றாள். "நமசிவாய இல்லம்மா, அதுக்கு முன்னாடி" என்றேன். சுக்குத் தண்ணி கேட்கும் இடத்தைப் போட்டேன்.

அம்மா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். "அன்னம், கொஞ்சம் சுக்குத் தண்ணி கொடேன்." அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் முழங்கையில் வழிந்து புடவை நனைந்தது.

"இதுதாண்டி அவரு," என்றாள். "அந்தப் பெட்டியில இருக்கறவரு யாரோ. வியாபாரத்துக்கு வந்த குரல் அது."

"அதுவும் அப்பாதானம்மா."

"உனக்கு அப்படி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை பெட்டி இன்னும் போடப் போறீங்க? அஞ்சாயிரமா? அப்புறம் அடுத்த வருசம்? நான் சாகற வரைக்கும் அவரு சாக மாட்டாரா?"

என் மனதில் அஞ்சாயிரம் இல்லை, பத்தாயிரம் இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. மாமா சாப்பிட வந்தார், மீசையை எடுத்துவிட்டு. மூலம் கிடைத்ததைச் சொன்னேன்.

"அப்புறம் என்ன, ஆர்டரைப் போடு," என்றார்.

"அவரு குரலைப் போடக் கூடாது," என்றாள் அம்மா.

"அப்ப கடையை மூடிட்டு என்ன பண்றதா உத்தேசம்?"

"இவ குரலைப் போடுங்க. இவ தனியாச் சொல்ற எடம் இருக்குல்ல."

மாமா என்னைப் பார்த்தார். "யாரு, இதுவா? இது வாயைத் தொறந்து நான் பார்த்ததே இல்லையே."

"அப்பத் தொறந்திருக்கா. கேளு."

மாமா கேட்டார். பச்சடியை நக்கிக்கொண்டே ஆரம்பித்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார். "சின்னப் புள்ள குரலை எவன் வாங்குவான்?" என்றார், ஆனால் முன்பிருந்த வேகத்தில் இல்லை.

"வாங்காட்டிப் போறான். உங்க அத்தானும் இதைத்தான் சொல்லி இவளை உட்கார வச்சாரு."

இருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அப்பா குரல் ஓடும் இடத்தில் வேறு குரல் ஓடினால், வெற்றிலைக் கடை வழியாக நான் எதற்குப் போவது?

ஏப்ரல் 17, வியாழன்

பேருந்து நிலையத்துப் பெட்டி மறுபடி இழுக்கிறது. அம்மா வாங்கிப் போட்ட பேட்டரியும் தீர்ந்துவிட்டது. நான் கையில் புதுப் பேட்டரி வைத்திருந்தேன். பூக்கார அக்கா, "போடும்மா" என்றாள்.

"ஓ...ம்..." என்று இழுத்துத் திணறியது. மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று வந்தது. நான் பேட்டரி போடவில்லை. அது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் கடைசி நாள் என்னை உள்ளே விடவில்லை.

வீட்டுக்கு வந்து ஹாவுக்கு எழுதினேன்: "முன்பகுதியில் குழந்தை தனியாகச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் பெட்டி போதும்."

ஏப்ரல் 22, செவ்வாய்

மாதிரிப் பெட்டியின் வீடியோ வந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். "சரின்னு சொல்லு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

மே 7, புதன்

அவர்களுக்குத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்தது. ஹாவ் எழுதினான்: "பெட்டிகள் தயாராகின்றன. ஒரு கேள்வி. திரு. தட்சிணாவின் குரலுக்கு இந்த ஆண்டு ஆர்டர் இல்லை. விதிப்படி அதை இனி முதலாளி யாருக்கும் கொடுக்கலாம். சென்னைக்காரர் மறுபடி கேட்கிறார். அழிக்கச் சொல்லி நீங்கள் எழுதினால் அழித்துவிடலாம். நாளைக்குள் சொல்லுங்கள்."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"சுக்குத் தண்ணி கேட்டது நம்மகிட்ட இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப அங்க எதுக்கு அவரு? மொழி தெரியாத ஊர்ல, யாருன்னே தெரியாதவன் கேட்டா எழுந்து பாடிக்கிட்டு. எடுத்துரச் சொல்லு."

மே 8, வியாழன்

"அழித்துவிடுங்கள்" என்று காலையில் எழுதினேன். உடனே பதில் வந்தது.

"சரி. ஆனால் சோதனைப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். ஒன்பது வருடமாக உங்கள் ஒவ்வொரு பெட்டியையும் அவர்தான் போட்டுப் பார்ப்பார். ஒரு பெட்டிக்கு மூன்று நொடி. அதனால் அவர் இந்தக் குரலின் தொடக்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறார். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகக் கேட்கலாமா என்று கேட்கிறார். இந்த மனிதர் ஏன் நிறுத்திவிட்டார் என்றும் கேட்கிறார்."

மாமா கல்லாவில் இருந்தார். அவரிடம் காட்டவில்லை. அப்பா சொல்வதாகவும் தட்டவில்லை.

"என் பெயர் சிவரஞ்சனி. அவர் என் அப்பா. ஜனவரி மாதம் இறந்துவிட்டார். அக்காவை முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள்."

படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. வெகுநேரம் கழித்து ஹாவ், "கேட்கிறார்" என்று மட்டும் எழுதினான்.

அந்த நேரத்தில் ஒருவர் கற்பூரம் கேட்டு வந்தார். எடை போட்டுக் கொடுத்தேன். ஒரு சிறுமி தீப்பெட்டி வாங்கிப் போனாள். அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள், நேர்வழியில். மாமா எழுந்து அவளுக்கு நாற்காலி கொடுத்தார். அவளும் உட்கார்ந்தாள். நான் கைபேசியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செய்தி வந்தது. "முடிந்தது. அழித்துவிட்டேன்."

"யாருடி?" என்றாள் அம்மா.

"சைனாலேர்ந்தும்மா. அப்பாவைக் கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."